புளியம்பூவுக்கு எந்தக் கூலி

ஒரு பூவை ஒரே முறை வரைந்தவள், அது தறியில் நெய்யப்படும் ஒவ்வொரு முறையும் கூலி கேட்கலாமா? இந்த ஆடி முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். காலையில் கேட்கலாம் என்று தோன்றுகிறது. மாலையில், இது பேராசையோ என்று பயம் வந்துவிடுகிறது.

ஆரணியில் பட்டுப் புடவைகளுக்கு டிசைன் போடுவது என் வேலை. வீட்டிலேயே, கம்ப்யூட்டரில். திரை முழுக்கக் கட்டங்கள் இருக்கும்; ஒரு கட்டம் ஒரு இழை. கட்டங்களுக்கு நிறம் கொடுத்துக்கொண்டே போனால் பார்டர் உருவாகும். முடித்ததைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிடுவேன். தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் அதைச் செருகி நெய்வார்கள். திருமணத்துக்கு முன் கற்றுக்கொண்ட வேலை இது. இப்போது மகள் மதியம் தூங்கும் நேரத்தில்தான் நடக்கிறது. அவளை அடுத்த வருடம் பள்ளியில் சேர்க்க வேண்டும்.

எனக்கு வேலை கொடுப்பவர் ஒரு பட்டு முதலாளி. தறி வைத்திருக்கும் வீடுகளுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து, புடவையாகத் திரும்ப வாங்கிக்கொள்பவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். டிசைனுக்கு இவ்வளவு என்று அவரே ஒரு தொகை கொடுப்பார். எங்கள் பக்கத்தில் தெரிந்தவர்களிடம் வாய் திறந்து விலை சொல்வது அழகில்லை. "பார்த்துக் குடுங்க" என்போம். நானும் அப்படியே சொல்லி, கொடுத்ததை வாங்கிக்கொண்டிருந்தேன்.

அப்படி நான் வரைந்து கொடுத்ததில் ஒன்றுதான் புளியம்பூ பார்டர். கண்ணமங்கலம் சாலையில் பஸ் ஒரு மரத்தடியில் நின்றபோது ஜன்னல் வழியாக ஒரு கொத்துப் பூ என் மகளின் மடியில் விழுந்தது. மஞ்சள் இதழ், அதில் மெல்லிய சிவப்பு நரம்புகள். வீட்டுக்கு வந்ததும் வரைந்தேன். யார் இதைக் கட்டுவார்கள் என்ற சந்தேகத்தோடுதான் கொடுத்தேன்.

ஆடி பிறந்த வாரம் அண்ணனே வண்டியில் வீட்டுக்கு வந்துவிட்டார். எப்போதும் போனில்தான் பேசுவார். ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைத்தேன்.

"இன்னாம்மா, இப்படி ஒரு பூவைப் போட்டு வச்சுகினு சும்மா இருக்கே? கடைக்காரங்க அதையே கேட்டுகினு இருக்காங்க. ஆவணி முகூர்த்தத்துக்கு இன்னும் நாலு தறியில ஏத்தப் போறேன்."

அத்தை, என் மாமியார், அவருக்கு டீ கொண்டுவந்து வைத்தார். அண்ணன் என்னிடம் மூன்று வழி சொன்னார். முதலாவது, இப்போது போலவே டிசைனுக்கு ஒரு தடவை பணம். இரண்டாவது, மாதச் சம்பளம். ஆனால் வேறு யாருக்கும் வரையக்கூடாது, கூப்பிட்ட நேரத்துக்கு வேலை செய்ய வேண்டும். மூன்றாவது, பாவுக்கு இவ்வளவு. பாவு என்பது தறியில் ஒரு தடவை ஏற்றும் நீள இழை. அதில் சில புடவைகள் வரும். நெசவுக்காரர்களுக்குக் கூலி ஓடுவது அந்தக் கணக்கில்தான். டிசைன் போடுகிறவளுக்கு அப்படிக் கொடுத்து நான் கேள்விப்பட்டதே இல்லை. என் பூ ஏறும் ஒவ்வொரு பாவுக்கும் எனக்கு ஒரு பங்கு. காது சூடாகிவிட்டது எனக்கு.

ஆனால் வாயில் வந்தது பழைய வார்த்தைதான். "நீங்களே எது சரின்னு பார்த்துச் சொல்லுங்கண்ணா."

அவர் டீயை வைத்துவிட்டுச் சிரித்தார். "நான் பார்த்தா எனக்குத்தாம்மா பார்ப்பேன். ஆடி முடியறதுக்குள்ள நீயே பார்த்துச் சொல்லு."

அவர் போனதும் அத்தை தொடங்கினார். இருபது வருடத்துக்கு மேல் தறியில் உட்கார்ந்தவர் அவர். "மாசச் சம்பளம் வாங்கு. ஜொரம் வந்து படுத்தாலும் பணம் வரும். பாவுக் கூலியில எனக்கு எப்ப அப்படி வந்துச்சு?"

செய்யாறில் ஷிப்டு வேலை பார்க்கும் என் கணவர் கம்பெனி பஸ்ஸில் இருந்தபடியே போனில் நேர் எதிராகச் சொன்னார். "மாசச் சம்பளம்னா போன் வந்துகினே இருக்கும். நான் படறது போதாதா? பாப்பா அழுவுறப்போ அவரு ஜல்தி முடின்னு நிப்பாரு."

இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே பட்டது. அதுதான் என் தொல்லை. சம்பளம் என்றால் பள்ளிக் கட்டணம் உறுதி. பாவுக் கணக்கு என்றால் என் மதியங்கள் என்னிடம் இருக்கும், நல்ல பூ போட்டால் வருமானமும் கூடும்; யாருக்கும் பிடிக்காவிட்டால் ஒன்றும் வராது. மகளுக்குச் சோறு ஊட்டும்போது சம்பளம் என்று முடிவு செய்வேன். அவள் வாயைத் துடைக்கும்போது பாவு என்று மாற்றிக்கொள்வேன்.

"இன்னா நீ, தானா சிரிச்சுகினு நிக்கிறே?" என்று அத்தை கேட்டார். சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது. என் வேலைக்கு இத்தனை வழியில் கூலி தர ஒருவர் தயாராக இருக்கிறார் என்ற நினைப்பே தரையில் கால் பாவவிடவில்லை.

அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும் வழியில் ஒரு வீட்டில் தறிச் சத்தம் கேட்டு அவள் உள்ளே ஓடிவிட்டாள். பின்னாலேயே ஓடிய நான் வாசற்படியில் நின்றுவிட்டேன். தறியில் என் புளியம்பூ. நான் நினைத்தே பார்க்காத கருநீலத்தில், மஞ்சளும் சிவப்புமாக அரை முழம் பூத்திருந்தது.

"பாப்பா, கிட்ட வா. நூலை மட்டும் தொடாத," என்றார் நெய்துகொண்டிருந்த அக்கா.

"இது யாரு பாவுக்கா?"

அவர் சொன்னது கோட்டைப் பக்கம் இருக்கும் வேறொரு முதலாளியை. "ரெண்டாவது பாவு ஓடுது. கண்ணுக்கு நல்லாத்தான் இருக்குது, கைக்குத்தான் பேஜாரு. எவ போட்டாளோ, நரம்பு நரம்பா வச்சுத் தொலைச்சிருக்கா. சேப்பு நாடாவை எடுத்து வச்சு, எடுத்து வச்சு..."

"நான்தாங்க்கா போட்டேன்."

ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா அவர் கையிலேயே நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? அப்போ வா, இந்த ரெண்டு விரற்கடையை நீயே நெய்துட்டுப் போ."

இருவரும் சிரித்துவிட்டோம். என்னைக் கேட்காமல் வேறொருவர் ஏற்றியதற்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்ற ஆசை. வீடு வருவதற்குள்தான், இந்தப் பாவுகள் எந்தக் கணக்கிலும் வராதே என்று உறைத்தது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "அவன் எனக்கு மச்சான் முறைம்மா. ஒரு டிசைன் குடுன்னு கேட்டா எப்படி இல்லைன்றது? பென் டிரைவைக் குடுத்துட்டேன். உன்னைப் பத்திக்கூட கேட்டுகினு இருந்தான், வேற பூ போடுவாளான்னு."

உறவுக்குள் டிசைன் கைமாறுவது இங்கே வழக்கம்தான். அட்டைகளில் துளையிட்டு நெய்த காலத்திலும் அட்டைக் கட்டுகள் இப்படித்தான் வீடு மாறும் என்று அத்தை சொன்னார். மாதச் சம்பளம் வாங்கியிருந்தால் நான் இதைப் பற்றிப் பேசவே முடியாது. அந்த இரண்டாவது முதலாளிக்கு வரையவும் முடியாது.

"அண்ணா, எனக்குப் பாவுக் கணக்குதான் வேணும். புளியம்பூ எங்க ஏறினாலும், உங்ககிட்டயும், உங்க மச்சான்கிட்டயும்."

அண்ணன் சொன்னார்: "பேசக் கத்துகினே. என் பாவுக்கு நான் குடுக்கறேன். அவன்கிட்ட நீயேதான் கேட்கணும். ஆனா ஒண்ணு, பாவுன்னு முடிவானா அப்புறம் சம்பளம் குடுன்னு வரக்கூடாது. இன்னும் ரெண்டு நாள் யோசிச்சு உறுதியாச் சொல்லு."

வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு இப்படித்தான் கூலி வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். போனை வைத்ததும் மகளைத் தூக்கிச் சுற்றினேன். அவள் காரணம் தெரியாமலே கைதட்டினாள். அன்று மாலையே சந்தேகமும் வந்துவிட்டது. எத்தனை தறியில் ஏறியது என்பது எனக்கு எப்படித் தெரியும்? தெருத் தெருவாக எட்டிப் பார்க்க முடியுமா? பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் என் பூ எல்லோருக்கும் சலித்துப்போயிருந்தால்?

இதைப் படிப்பவர்களில் வீட்டிலிருந்து இப்படி வேலை செய்து கொடுப்பவர்கள் இருப்பீர்கள். நீங்கள் எந்தக் கணக்கில் கூலி வாங்குகிறீர்கள்? நம் வேலை நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓடும்போது, கொடுப்பவரோடு மனக்கசப்பு வராமல் அதை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்கிறீர்கள்? முன்பின் தெரியாத அந்த மச்சானிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்லலாம்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.