ஃபெஸ்டியோட டெலியா

அயர்லாந்தின் கானமராக் கடற்கரையில் உள்ள அந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு ஃபிளாஹர்ட்டி தலையில்தான் விழும். அதனால் குடும்பப் பெயரை யாரும் சட்டை செய்வதில்லை. தகப்பன் பெயரைச் சேர்த்துத்தான் ஆளைச் சொல்வார்கள்: பீட்டரோட மார்ட்டின், கோமனோட பிரிட்ஜெட்.

ஃபெஸ்டியும் தாய் வழியில் ஃபிளாஹர்ட்டிதான். ஆனால் சிறு பிள்ளையாக அநாதை இல்லத்திலிருந்து ஒரு வீட்டுக்கு மாடு மேய்க்க வந்தவன். தகப்பன் யாரென்று அவனுக்கே தெரியாது. ஊர் அவனை 'இல்லத்து ஃபெஸ்டி' என்றது. கல்யாணமாகி, சொந்தப் படகு வாங்கி, நண்டுக்கூடை போட்டுப் பிழைத்த பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது. கூப்பிட்டால் அவனும் சிரித்தபடி திரும்பிப் பார்ப்பான்.

ஒரு நாள் படகுத்துறையில் உட்கார்ந்து கூடைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். மேலே சுவரில் அவன் மகள் டெலியா கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். நண்டு வாங்க வந்த பக்கத்து ஊர்க்காரி அவளிடம் கேட்டாள்.

"நீ யாரு வீட்டுப் புள்ள?"

"ஃபிளாஹர்ட்டி."

"அது மூஞ்சியிலேயே தெரியுதுடி. எந்த ஃபிளாஹர்ட்டி?"

"ஃபெஸ்டியோட டெலியா."

"ஓ, ஃபெஸ்டி மகளா? அப்படிச் சொல்லு."

ஃபெஸ்டி கயிற்றைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு நடந்தான். மனைவி சபீனா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"நம்ம புள்ளைக்கு என் பேரச் சேத்துச் சொல்றாங்க, சபீனா."

"பள்ளிக்கூடம் போன நாள்லேர்ந்தே அப்படித்தான். பின்ன வேற யாரு பேரச் சேப்பாங்க?" என்றாள் அவள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, மாவுக் கையாலேயே அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.