மோட்டார் ரூம் சுவர்

படம் எடுக்க வரப்போகிறேன் என்று எங்கள் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லவே கூடாது. நான் சொல்லித் தொலைத்தேன்.

என் வேலையை வீட்டில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் படம் எடுப்பேன். அந்தப் படங்களில் தெரியும் கறை, கீறல், விரிசல்களைக் கணினி ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, அந்தப் பொருளையே திரையில் முப்பரிமாணமாக எழுப்பிவிடும். அப்படி எழுப்பிய பாறை, வரப்பு, கருவேல மரங்களை வைத்துத்தான் நிலக்காட்சிகள் செய்கிறேன். கறையும் கீறலும்தான் கணினிக்குச் சோறு. வழவழவென்று ஒரே நிறத்தில் எதையாவது கொடுத்தால் திருதிருவென்று விழிக்கும்.

பெங்களூரில் ஒரு கண்காட்சிக்காக மதுரைக்கு மேற்கே உள்ள வயல்வெளியைச் செய்துகொண்டிருந்தேன். அதன் நடுவில் எனக்கு வேண்டியிருந்தது, கோச்சடை தாண்டிப் பெரியப்பா வயலில் இருக்கும் மோட்டார் ரூமின் சுவர். காரை பெயர்ந்து செங்கல் தெரியும். பாசி, துருத் தண்ணீர் வழிந்த கோடு, எந்தக் காலத்துத் தேர்தலிலோ வரைந்த சின்னத்தில் பாதி, எல்லாம் இருக்கும். அது இல்லாவிட்டால் என் காட்சிக்கு உயிரில்லை. நிழல் விழுந்தால் வேலை கெடும் என்பதால் வெயில் இல்லாத நாள் வேண்டும். மதுரையில் மேகத்துக்குக் காத்திருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். ஒருவழியாக ஒரு காலையில் வானம் மூடியது. செல்லூரிலிருந்து ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனேன்.

சுவர் பளீரென்று வெள்ளையாக நின்றது.

"யாரு பெரியம்மா இப்படிச் செஞ்சது?" என்று கத்தினேன்.

"நல்லாருக்கா தாயி? ஊர் பூராம் காட்டப் போறேன்னியே. அம்புட்டு அழுக்கையுமா காட்டுவ?"

மாம்பழ நிறத்தில் கட்டம் போட்ட பட்டுச்சேலை கட்டியிருந்தார் பெரியம்மா. பெரியப்பா வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக வந்து சுவரோடு ஒட்டி நின்றார்.

"எங்க நிக்கணும்னு சொல்லு."

"நீங்க நிக்க வேணாம் பெரியப்பா. எனக்குச் செவருதான் வேணும்."

"வெறும் செவத்த எவனாச்சும் படம் எடுப்பானா? எடு, எடு."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சண்டை போட்டால் மட்டும் பாசி திரும்பி வரவா போகிறது? வந்ததற்கு எடுத்துத் தொலைப்போம் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்து எடுத்தேன். இருவரும் கல்யாணத்துக்கு நிற்பதைப் போல விறைத்து நின்றார்கள். மூச்சு விடுகிறார்களா என்றே சந்தேகமாக இருந்தது. அசையலாம் என்று சொன்னாலும் அசையவில்லை. பெரியம்மா ஒரு கையைப் பெருமையாகச் சுவரில் வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து கணினியில் ஏற்றினேன். பயந்தபடியே சுவர் வரவில்லை. பிடித்துக்கொள்ள ஒரு கறைகூட இல்லாததால் அந்த இடம் முழுவதும் ஓட்டை. பெரியப்பாவின் வேட்டி சட்டையும் அதோடு போய்விட, அவர் தலையும் இரண்டு கைகளும் அந்தரத்தில் தொங்கின. சிரிக்கும் நிலையில் நான் இல்லை. பெரியம்மா மட்டும் ஒரு கட்டம் கலையாமல் முழுசாக வந்திருந்தார்.

எரிச்சலோடு உருவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுவரில் வைத்திருந்த கை திரையில் பெரிதாக வந்தது. விரல்களெல்லாம் சுண்ணாம்பு அரித்து, தோல் உரிந்து, புண்ணாக இருந்தன. ஆள் வைத்து வெள்ளையடித்திருப்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

போன் போட்டேன். அப்போதும் வாயில் கோபம்தான் வந்தது.

"வெறுங்கையாலயா சுண்ணாம்பக் கரைச்சீங்க? யாராச்சும் இப்படிச் செய்வாங்களா? மருந்து போட்டீங்களா இல்லையா?"

"அது கெடக்கு, தேங்காயெண்ண தடவுனா ஆறிப்போகும். செவரு நல்லா விழுந்துச்சா தாயி?"

திரையில் சுவர் இருக்க வேண்டிய இடம் கறுப்பாகக் கிடந்தது.

"நல்லா விழுந்துருக்கு பெரியம்மா" என்றேன்.