ஒரே அறிக்கை, வேறு பைல்

தங்கை மகளுக்குக் காதுகுத்து. எங்கள் நெல்லைப் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். தங்கைக்கு இருக்கும் ஒரே அண்ணன் நான். தில்லியில் மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. அந்த வெள்ளிக்கிழமை மாலை ரயிலைப் பிடித்தால்தான் நேரத்துக்கு ஊர் போய்ச்சேர முடியும்.

மதியம் பிரிவு அதிகாரி கூப்பிட்டார். ஆண்டறிக்கை இருந்த ப்ளாப்பியை மேல்மாடியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வருஷக்கணக்காகக் கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாகத்தான் அடித்துவந்தோம். எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். இப்போது மேலேயும் எங்கள் பிரிவிலும் புது மெஷின் வந்துவிட்டது. இனி எல்லாமே வேர்டில் திறக்கும் டாக் பைலாக வேண்டும் என்று சர்க்குலர்.

"நாலு பட்டன் அமுக்குற வேலை, பாபு. ஜல்தி முடி. அதுக்கப்புறம்தான் நீ ஊருக்குப் போறதுக்குக் கையெழுத்து" என்றார் இந்தியில்.

அமுக்கினேன். அட்டவணை எல்லாம் குலைந்தது. நாங்கள் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித்தான் பத்திகளை நேராக்குவோம். பழைய திரையில் எல்லா எழுத்தும் ஒரே அகலம், அதனால் நின்றது. புது எழுத்தில் ஒன்று ஒல்லி, ஒன்று குண்டு. போன வருஷத்து எண்ணெல்லாம் இந்த வருஷத்துக்குக் கீழே போய் நின்றது.

பக்கத்து மேஜை பஞ்சாபிக்காரர் எட்டிப்பார்த்தார். "அரே மதராசி, சாம்பாரைக் கொட்டிட்டியா?"

"நான் கொட்டலை. உங்க புதுப் பாத்திரம் ஓட்டை."

ஒவ்வொரு வரியாக இடைவெளியை அழித்து எண்ணை நகர்த்தினேன். கண் எரிந்தது. ஸ்டேஷன் டெலிபோன் பூத்திலிருந்து மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, வண்டியைப் போட்டுட்டாங்க. எங்க இருக்கிய?"

"இன்னும் ரெண்டு அட்டவணை இருக்கு."

"பிள்ளைக்கு யாரு மடி குடுப்பா? உங்க கம்ப்யூட்டரா?"

பின்னால் என் மகள், "பப்பா, ஜல்தி ஆவோ!" என்று சீக்கிரம் வரச்சொல்லி இந்தியில் கத்தினாள்.

"நீங்க ஏறுங்க" என்றேன்.

முடித்து மேலே ஓடினேன். பெரிய அதிகாரியின் உதவியாளர் பைலைத் திறந்தார், அச்சடித்தார், தாளை ஃபோல்டரில் வைத்துக் கட்டினார்.

"சாகிப் திரையில பார்க்க மாட்டாரா?"

"சாகிப் பேப்பர்லதான் படிப்பார்."

"அப்போ பழையதையே அச்சடிச்சிருக்கலாமே?"

"சர்க்குலர்ல டாக்னு இருக்கே, பாபு."

சண்டை போட நேரமில்லை. கீழே கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். பிளாட்பாரம் காலியாக இருந்தது.

தங்கை மகள் என் சித்தப்பா மகன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டாள். மறுநாள் தங்கையே போன் செய்தாள்.

"அப்படி என்னதாம்ணே இருந்துச்சு அந்த பைல்ல?"

"முன்னாடி இருந்ததேதான்" என்றேன்.

பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். போனை வைத்துவிட்டாள்.