கண்டக்டர் எழுந்தால் கணக்கில்லை

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரிதான் எப்போதும் இருப்பார். சாப்பிடும்போதுகூட நடுவில் எழுந்து ஜன்னல்வரை போய்விட்டு வருவார். இப்படிப்பட்ட மனிதர் சேர்ந்த கட்சியின் சின்னம் என்ன தெரியுமா? நங்கூரம்!

"ஓடுற பஸ்ல நின்னுக்கிட்டே வேலை பாக்குறவனுக்குத்தான் கம்பியோட அருமை தெரியும். நம்ம கட்சி அந்தக் கம்பி" என்பார். நன்றாக இருப்பதை இடிக்காதே, வழக்கத்துக்கு மரியாதை கொடு, மாற்றுவதாக இருந்தால் மெல்ல மாற்று. இவ்வளவுதான் அவருடைய அரசியல். வீட்டில் ஒரு கரண்டியை மாற்றுவதற்குக்கூட நான் மன்றாட வேண்டும். நான் எந்தக் கட்சியும் இல்லை. எல்லோரையும் திட்ட அதுதான் வசதி.

அவரை அந்தக் கட்சியில் சேர்த்துவிட்டது என் அண்ணன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், எங்கள் பகுதிக் கிளையைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தக் கிளையில் கை தூக்கி ஓட்டுப் போடும் பழக்கம் கிடையாது. தலைவர் தீர்மானத்தைப் படிப்பார். ஒத்துக்கொள்கிறவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், மறுப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். என் வீட்டுக்காரருக்குத்தான் உட்காரவே வராதே! கூட்டத்துக்கு யார் பால் வாங்கி வருவது என்ற தீர்மானத்துக்குக்கூட இவரால் ஒரு மறுப்பு விழுந்தது. கடைசியில் எல்லோரும் சிரித்துக்கொண்டே முடிவு செய்தார்கள்: கண்டக்டர் எழுந்தால் கணக்கில்லை. இவரும் குஷியாகத் தலையாட்டிவிட்டு வந்து, அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பிறகுதான் பிரசவ ஆஸ்பத்திரி விவகாரம் வந்தது. நானும் அண்ணனும் என் பிள்ளைகளும் பிறந்த இடம் அது. அதை இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்டப்போவதாக அறிவித்தது வேறு யாருமல்ல, நங்கூரக் கட்சியின் மேலிடமேதான். இடிக்கக் கூடாது என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கடை கடையாக ஏறிக் கையெழுத்து வாங்கினார்கள். அண்ணனும் போட்டுவிட்டார்.

"இருக்குறதைக் காப்பாத்துறதுதானே நம்ம கட்சி? அதுக்குத்தானே போட்டேன்?" என்று கேட்டார் அண்ணன்.

"எதிரி நீட்டின பேனாவுல போட்டிருக்கீங்களே" என்றார் கிளைத் தலைவர். நாற்காலிக் கடைக்காரர் அவர், வாய்ச்சவடாலுக்குக் குறைவே இல்லை.

அண்ணனை நீக்கத் தீர்மானம் வரப்போகிறது என்று தெரிந்துபோனது. நீக்கப்படுகிறவரைத் தவிர வேறு ஒரே ஒருவர் எழுந்து நின்றாலும் யாரையும் நீக்க முடியாது என்பது விதி. அந்த வாரம் முழுக்க என் வீட்டுக்காரர் அறைக்கும் வாசலுக்குமாக நடந்து தரையைத் தேய்த்தார். பஸ்ஸில் சில்லறையைத் தப்பாகக் கொடுத்துவிட்டுப் பயணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்களேன்" என்றேன்.

"சுலபமா சொல்லிட்ட. கட்சி பேரைச் சொல்லாம நான் யாருன்னு சொல்ல எனக்கே தெரியலையே!"

கூட்டத்தன்று நானும் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். அதிசயமாக அவர் அசையாமல் இருந்தார், நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. தலைவர் தீர்மானத்தைப் படித்து முடித்ததும் என் வீட்டுக்காரர் சட்டென்று எழுந்தார். வேறு ஒருவரும் எழவில்லை. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"நம்ம கண்டக்டர் எழுந்துட்டாருப்பா. சரி, தீர்மானம் ஒருமனதா நிறைவேறிடுச்சு" என்றார் தலைவர்.

"சிரிக்காதீங்க. இது மறுப்பு."

"நீங்க எழுந்தா கணக்கில்லையே. அதுதானே வழக்கம்?"

"அதெல்லாம் உக்கார முடியாம எழுந்தது. இன்னைக்கு மச்சானுக்காக எழுந்திருக்கேன்."

"எதுக்கு எழுந்தீங்கன்னு ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா? நினைச்ச நேரத்துல வழக்கத்தை மாத்துற கட்சியா நாம? நீங்களே எத்தனை மேடையில சொல்லியிருக்கீங்க!"

அவர் உட்காரவில்லை. நானும் எழுந்து நின்றேன், ஆனால் உறுப்பினர் அல்லாதவளை யார் எண்ணுவார்கள்?

"உக்காருங்க மாப்ள. வழக்கம் வழக்கம்தான்." இதைச் சொன்னது அண்ணன். சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். குரலில் கோபமே இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு மாலை நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். "மச்சான், நேரமாச்சு!" என்று வெளியிலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் கேட்டது. இத்தனை வருடமும் இருவரும் சேர்ந்தேதான் கூட்டத்துக்குப் போவார்கள், அந்தப் பழக்கத்தில் வாய் தானாகக் கூப்பிட்டுவிட்டது. அண்ணனும் சலவைச் சட்டையும் செருப்புமாகப் படி இறங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

"நானும் போகல மச்சான். நீங்க இல்லாத கட்சி எனக்கு எதுக்கு?"

"கிறுக்குப் புடிச்சிருக்கா? நீங்களும் வெளிய வந்துட்டா அங்க எழுந்து நிக்க யாரு இருக்கா?"

"நான் எழுந்தாத்தான் எண்ண மாட்டேங்குறாங்களே!"

"எண்ணுற வரைக்கும் எழுந்திருங்க. போங்க, ஆரம்பிச்சிடுவாங்க."

அவர் போனார். "உங்களை வெளிய தள்ளினவங்ககிட்ட அவரை வேற எதுக்குண்ணே அனுப்புறீங்க?" என்று நான் கத்தினேன். அண்ணன் செருப்பைக் கழற்றவில்லை. கூட்டம் முடிந்து அவர் திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.