நாலாம் நம்பர் டிரம்மின் சத்தம்

எங்கள் இசைத்தட்டை முதலில் கேட்டது அம்மாதான். சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முதல் பாட்டு ஓடி நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கையில் இருந்த கீரைக் கொத்தோடு எழுந்து வந்தாள்.

"இன்னாது இது? யாரோ வீட்டுக்குள்ள நடந்து வர்ற மாதிரி இருக்குது. நிறுத்து மொதல்ல."

தம்பிக்கு அப்படியொரு சந்தோஷம். "பாத்தியாக்கா, பயப்படுறாங்க. அப்படின்னா நல்லா வந்திருக்குது" என்றான்.

ஆம்பூரில் செல்போன் வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள் அவை. நான் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் கம்ப்யூட்டரில் பேக்கிங் லிஸ்ட் அடித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பேன். தம்பி, ஆற்றோரம் தோல் பதனிடுகிற ஒரு தொழிற்சாலையில், எங்கள் ஊர்ப் பேச்சில் தோல் ஷாப்பில், எலக்ட்ரீஷியன். கிடார் அவனுக்குத் தானாகவே வந்தது. மூன்றாமவன் தம்பியோடு பாலிடெக்னிக்கில் படித்தவன், பிரவுசிங் சென்டரில் வேலை செய்தான். பெங்களூரிலிருந்து அவன் கொண்டுவந்த ஒரு சிடியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அதில் பாடுகிறவர் யாருமில்லை. ஒவ்வொரு பாட்டும் கால் மணி நேரம் போகும். எறும்பு ஊர்வதுபோலத் தொடங்கி, கடைசியில் கூரையே பெயர்ந்து விழுவதுபோல முடியும். அதற்கு போஸ்ட் ராக் என்று பேர் என்றான். நாமும் ஒன்று செய்வோம் என்றான்.

செய்தோம். வார்த்தையே இல்லாத ஐந்து பாட்டுகள், மொத்தம் நாற்பது நிமிஷம். கிடாரும் கீபோர்டும் போக, எங்கள் ஊர்ச் சத்தங்களையும் உள்ளே கொண்டுவர வேண்டும் என்பது தம்பியின் பிடிவாதம். ஒரு பழைய டெலிபோனுக்குள் இருந்த சின்னப் பித்தளைத் தட்டைக் கழற்றி, ஒயர் வைத்துப் பற்றவைத்தான். அது காற்றில் வரும் சத்தத்தை எடுக்காது. எந்த இரும்பில் ஒட்டுகிறோமோ அந்த இரும்புக்குள் ஓடும் சத்தத்தைத்தான் எடுக்கும். அதை அவன் தோல் ஷாப்பில் டிரம் நிற்கிற இரும்புத் தாங்கியில் ஒட்டிப் பதிவு செய்தான்.

டிரம் என்றால் வாசிக்கிற டிரம் இல்லை. தோல் பதப்படுத்துகிற மரப் பீப்பாய். ஒரு சின்ன அறை அளவு இருக்கும். படுத்த வாக்கில் நிற்கும். உள்ளே தோலையும் தண்ணீரையும் மருந்தையும் போட்டு மூடிவிட்டால், நாள் முழுக்க மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஈரத்தோல் மொத்தமாக மேலிருந்து கீழே விழும். அந்தத் 'தொப்' என்ற சத்தம்தான் முதலில் எங்களுக்குக் கிடைத்தது.

பத்து நாள் கழித்து அவன் மறுபடி எடுத்து வந்த பதிவில் இன்னொன்றும் இருந்தது. சுற்றுக்கு ஒரு முறை, தோல் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், 'டக்' என்று ஓர் அடி. பூட்டின கதவை உள்ளேயிருந்து யாரோ ஒரே விரலால் தட்டுவதுபோல. மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். பிரவுசிங் சென்டர் பையன் அந்த அடியை மட்டும் தனியாகப் பிரித்து, சத்தத்தைக் கூட்டினான். இரண்டாவது பாட்டு முழுக்க அதுதான் தாளம். அதன்மேல்தான் நான் கீபோர்டு வாசித்தேன்.

இருபது சிடியில் பதிந்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்தோம். கேட்டவர்கள் சொன்னதையெல்லாம் தம்பி ஒரு நோட்டில் எழுதிவைத்தான். எங்கள் போதகர் ஐயா சர்ச் ஆபீஸ் ரூமில் எட்டு நிமிஷம் பொறுமையாகக் கேட்டார். "பாட்டு எப்பம்மா ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். இதுதான் ஐயா பாட்டு என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரோ வந்து கெட்ட சேதி சொல்லப் போறாங்கன்னு தெரிஞ்சும், அவங்க சொல்லாமலே நிக்கிற மாதிரி இருக்குது. உங்க வயசுல இது எதுக்கும்மா?" என்றார்.

வேலூரில் நர்ஸாக இருந்த என் பள்ளித் தோழி கம்பெனிக்கே போன் செய்தாள். "மூணாவது பாட்டுல மூச்சு வாங்குறது யாருடி?"

"யாருமில்லடி. அது பாய்லர் நீராவி."

"வார்டுல கேக்குற மூச்சு மாதிரியே இருக்குது. பட்டப்பகல்ல ரூம் கதவைத் தொறந்துவெச்சிட்டு உக்காந்தேன் தெரியுமா?"

எல்லாரும் பயந்தார்கள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. மனுஷர்களை வெறும் சத்தத்தால் பயமுறுத்த முடிகிறது என்பது ஏதோ பெரிய வித்தை கைவந்ததுபோல இருந்தது. எனக்கு இப்போதும் வெட்கமாக இருப்பது அந்தப் பெருமையை நினைத்துத்தான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தம்பி வேலை செய்த அதே தோல் ஷாப்பில் டிரம்மைப் பார்த்துக்கொள்பவர். காலை ஷிப்ட் முடித்து, குளித்து, சட்டை மாற்றி வந்திருந்தார். அவர் வீட்டு டிவி எங்கள் தெருவுக்கே கேட்கும். பேச்சும் சத்தமாகத்தான் இருக்கும். அதை நாங்கள் அவருடைய சுபாவம் என்றே நினைத்திருந்தோம்.

"நம்ம டிரம்மெல்லாம் பாட்டு பாடுதாமே! எங்க, நானும் கேக்குறேன்" என்றார்.

அம்மாவுக்குப் பயந்து ஸ்பீக்கரில் போடவில்லை. சின்ன சிடி பிளேயரை அவர் மடியில் வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டேன். பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டே கேட்டார். "தோல் விழுவுது பாரு! அச்சு அசலா நம்ம டிரம்மு!" என்று கத்தினார். பக்கத்து வாசலிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

இரண்டாவது பாட்டு ஆரம்பித்தது. அவர் விரல் முழங்காலின்மேல் தாளம் போட்டது. அப்புறம் நின்றது. சிரிப்பும் போய்விட்டது. கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தார்.

"இந்த டக்குன்னு அடிக்கிறது யாரு வாசிச்சது?"

"யாரும் வாசிக்கலண்ணா. டிரம்மே போடுற தாளம் அது."

"எந்த டிரம்மு?"

"நாலாம் நம்பர்."

ஹெட்போனைக் கழற்றினார். "எப்ப எடுத்தது?"

"மூணு வாரம் இருக்கும்ணா."

"அதுக்கு முன்னாடி எடுத்ததுல இது இருந்துச்சா?"

தம்பி என்னைப் பார்த்தான். இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"ரெண்டு வருஷமா நாலாம் நம்பர்ல நான்தான் நிக்கிறேன்" என்றார் அண்ணன். அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். "இந்தச் சத்தம் எனக்குக் கேட்டதே இல்ல தம்பி. ஒரு நாளும் கேட்டதில்ல." எழுந்து செருப்பைத் தேடினார். "இப்ப அங்க என் தோஸ்த்து நிக்கிறான். டிரம்மு ஃபுல் லோடு."

அண்ணனும் தம்பியும் நானும் ஆட்டோவில் போனோம். சிடி பிளேயர் என் மடியில் இருந்தது. நேஷனல் ஹைவேயில் லாரிகள் விடவேயில்லை, கடப்பதற்குள் உயிர் போய்விட்டது. போகிற வழியெல்லாம் நான் எண்ணிக்கொண்டே போனேன். ஒரு சுற்றுக்கு ஆறு விநாடி. மூன்று வாரத்தில் எத்தனை சுற்று, எத்தனை 'டக்'. காலை ஷிப்ட் முழுக்க இந்த அண்ணன் அதன் பக்கத்தில் நின்றிருக்கிறார். நாங்களோ அதன் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

உள்ளே போனதும் அண்ணனுக்கு ஏன் கேட்கவில்லை என்று புரிந்தது. ஆறு டிரம்மும் ஒன்றாக ஓடின. பக்கத்தில் நின்ற தம்பி வாயைத் திறந்து ஏதோ சொன்னான், எனக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. சுண்ணாம்பு நாற்றத்தில் கண் எரிந்தது. ஷிப்ட் சூப்பர்வைசர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். தம்பி அவர் காதருகில் விஷயத்தைச் சொன்னான்.

"பாட்டு கேட்டுட்டு வந்து டிரம்ம நிறுத்தச் சொல்றியா? இன்னா பேஜார் இது?" என்று அவர் கத்தியது மட்டும் எனக்குக் கேட்டது.

ஹெட்போனை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

அதற்குள் அண்ணன் நாலாம் நம்பருக்குப் போய்விட்டார். டிரம்முக்குப் பக்கத்தில் குனிந்து வாய்க்காலில் கழிவுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்த அவருடைய நண்பரைச் சட்டையைப் பிடித்து இழுத்து ஐந்தடி தள்ளி நிறுத்தினார். அந்த ஆள் சண்டைக்கு வருவதுபோலத் திரும்பினார். அண்ணன் நேராகச் சுவருக்குப் போய்ச் சிவப்பு ஸ்விட்சை அழுத்தினார்.

அவ்வளவு பெரிய டிரம் உடனே நிற்காது. இன்னும் இரண்டு சுற்று சுற்றியது. அந்தப் பன்னிரண்டு விநாடிகளைப்போல நீளமான எதையும் நான் அனுபவித்ததில்லை. மேலே போகிற பலகை ஒவ்வொன்றும் என்மேல்தான் விழப்போகிறது என்று தோன்றியது. ஓடவேண்டும் என்று நினைத்தேன்.

நின்றது. ஃபிட்டர் டார்ச்சோடு வந்தார். டிரம்மையும் அது சுற்றுகிற இரும்புத் தண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் தட்டில் எட்டு போல்ட்டு. சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். இரண்டு, தட்டியதும் கழன்று கையோடு வந்துவிட்டன. மூன்றுக்குத் தலையே இல்லை. தட்டுக்கும் மரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில் அவர் விரலை விட்டுக் காட்டினார். முழு விரலும் போனது.

"இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்?" என்று சூப்பர்வைசர் கேட்டார். அவர் குரல் மாறியிருந்தது.

"நாள் கணக்கெல்லாம் நான் சொல்ல முடியாது சார்" என்றார் ஃபிட்டர். டார்ச்சை அணைத்தார்.

அண்ணன் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நண்பர் அவர் பக்கத்தில் குந்தி, "இன்னாடா, இன்னாடா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அனுமதி இல்லாமல் டிரம்மை நிறுத்தியதற்குத் திங்கட்கிழமை அண்ணனுக்கு மெமோ வந்தது. செவ்வாய்க்கிழமை அதை ஒன்றும் சொல்லாமல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நர்ஸ் தோழி மூலமாக அவரை வேலூருக்குக் கூட்டிப்போய்க் காதைக் காட்டினோம். வலது காது ஏறக்குறைய போய்விட்டது, இடதும் கம்மி என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "டிரம்முகூட எனக்குப் பயமில்ல தங்கச்சி. பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேனே, தெரியலியே, அதான்" என்றார். பிறகு அவரைத் தோல் அடுக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். நாலாம் நம்பர் ஒரு மாதம் கழித்து மறுபடி ஓடியது.

கொடுத்த சிடிகளைத் திரும்ப வாங்கினேன். தோழி மட்டும் தரமாட்டேன் என்றாள். "அந்த டக்கு இன்னான்னு தெரிஞ்சப்புறம் எனக்கு இப்ப பயமே இல்லடி. நல்லாத்தான் இருக்குது" என்றாள். எனக்கு நேர்மாறாக ஆனது. அதற்குமுன் நான் எதற்கும் பயந்தவள் இல்லை. அதற்குப்பின் மின்விசிறி லேசாக முனகினாலும் அதன் கீழே உட்காரமாட்டேன். கம்பெனி லிஃப்ட்டில் ஏறுவதை விட்டேன். தம்பி அடுத்த வருஷம் சென்னைக்கு வேலைக்குப் போனான். அங்கே வேறு ஆட்களோடு சேர்ந்து வாசித்தான். நான் சர்ச்சோடு நின்றுகொண்டேன்.

ஒருமுறை சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆலங்காயம் போகிற பஸ்ஸில் ஏறினேன். வாணியம்பாடி தாண்டியதும் காலுக்குக் கீழே ஏதோ தட்டியது. சீராக, ஒரே இடைவெளியில். கண்டக்டரைக் கூப்பிட்டேன். "இது போன வருஷத்துலேந்தே அப்படித்தாம்மா" என்று சிரித்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். பட்டுப்புடவையோடு புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் நின்று அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். நான் போய்ச் சேரும்போது தாலி கட்டி முடிந்திருந்தது. நான் இறங்கிவிட்ட அந்த பஸ்ஸில் வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.