நாய்க்காரம்மாவின் ஆங்கிலம்

வெளியூர் போகிறவர்கள் தங்கள் நாய்களை அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அதனால் அந்தக் குடியிருப்பில் அவருக்கு நாய்க்காரம்மா என்றே பெயர். எப்பேர்ப்பட்ட முரட்டு நாயும் அவர் வீட்டுக்குள் வந்தால் வாலைச் சுருட்டிக்கொள்ளும். ஆங்கிலமும் அப்படித்தான் என்பது அவர் எண்ணம். இலக்கணம் குறுக்கே வந்தால் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

ஒருமுறை மேல்மாடியில் இருந்த பல் டாக்டர் தன் நாயை அவரிடம் விட்டுவிட்டு மாநாட்டுக்குப் போனார். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நாயோ பிரிவுத் துயரத்தில் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் மதியம்தான் மனம் இறங்கி, வேகவைத்த கோழியைத் தட்டோடு வழித்து நக்கியது. நாய்க்காரம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உடனே செய்தி அனுப்பினார்.

“யுவர் டாக் வாஸ் ஈட்டன். மை ஃபேமிலி வெரி ஹேப்பி.”

அடுத்த நிமிடமே போன் அலறியது.

“ஈட்டன்?” என்றார் டாக்டர், குரல் நடுங்க.

“எஸ் மேடம், ஈட்டன்! ஃபுல் ஈட்டன்! நத்திங் பேலன்ஸ்!”

மறுமுனையில் ஓவென்று அழுகை. இது ஆனந்தக் கண்ணீர் என்றே நினைத்தார் நாய்க்காரம்மா. “டோன்ட் க்ரை மேடம். நைட் ஆல்சோ ஈட்டிங்” என்று தேற்றினார்.

துணி மடித்துக்கொண்டிருந்த மகள் ஓடிவந்து போனைப் பிடுங்கி, அனுப்பிய செய்தியைப் படித்தாள்.

“ஐயோ அம்மா! நாய் சாப்பிட்டுச்சுன்னு சொல்றதுக்குப் பதிலா, நாயைச் சாப்பிட்டாச்சுன்னு சொல்லியிருக்க!”

“நாய், நாயை... ஒரு எழுத்துதானேடி வித்தியாசம்?”

“அந்த ஒரு எழுத்துல நாயே போயிடுச்சும்மா! குடும்பமே சந்தோஷமா இருக்குன்னு வேற போட்டிருக்க!”

நாய்க்காரம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஆங்கிலத்தில் விளக்கப் போனால் இன்னும் யார் யாரெல்லாம் சாப்பிடப்படுவார்களோ! போனை வாங்கி நாயின் காதருகே வைத்தார். டாக்டரின் விசும்பலைக் கேட்டதும் நாய் வீடு அதிரக் குரைத்தது. அங்கே அழுகை நின்றது. பிறகு விக்கல் போல ஏதோ கேட்டது. அது சிரிப்பு என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

“இனிமே நானே எழுதித் தரேன்மா” என்றாள் மகள்.

“எதுக்கு? நான் என்ன பரீட்சையா எழுதுறேன்? கூடவே ஒரு போட்டோ போட்டா போச்சு.”

ஊர் திரும்பிய டாக்டர் அந்தச் செய்தியைத் தன்னோடு வேலை பார்ப்பவர்களிடம் எல்லாம் காட்டிச் சிரித்தார். அடுத்த விடுமுறைக்கு அவர்களிடமிருந்து மூன்று நாய்கள் வந்து சேர்ந்தன. அன்று மாலையே நாய்க்காரம்மா, யாரையும் கேட்காமல், மூன்று வீட்டுக்கும் ஆங்கிலத்தில் நீளமாக எழுதி, கூடவே ஒரு போட்டோவும் போட்டு அனுப்பினார்.