மூன்றாவது ஆட்டத்துத் தேங்காய்

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் விண்ணப்பங்களும், மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த துண்டுக் கடிதங்களும்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவும் எனக்கு வராது. பேஸ்போல் விளையாட்டை முழுதாக அறிந்தவனும் இல்லை. அறிந்தவள் என் மனைவி. அவளைத்தான் எழுதச் சொன்னேன். "எனக்கு அதைப் பற்றிக் கதைக்கவே ஏலாது, எழுதுறதோ?" என்றாள். அதனால் நான் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு சிறிய பட்டணம். வீட்டுக்குப் பின்னால் ஆட்கள் வாடகைக்கு எடுத்துச் செய்யும் சிறு தோட்டங்கள். அவற்றைத் தாண்டினால் ஒரு புல்வெளி, அதைச் சுற்றி உயரமான வலை. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ்போல் ஆடுவார்கள். ஜெர்மனியில் பேஸ்போலா என்று நீங்கள் கேட்கலாம். ஜெர்மன்காரரே அப்படித்தான் கேட்பார்கள். கால்பந்துக்கு உயிரை விடுகிற பக்கம் இது. இந்த ஆட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் ஆட்டக்காரரின் தாய் தகப்பன், காதலிகள், இரண்டொரு நாய்கள். அவர்களோடு நாங்கள் இரண்டு பேர்.

மகள் படிப்புக்காக வேறு நகரம் போன வருடம் அது தொடங்கியது. ஒரு ஞாயிறு பின்னேரம் குப்பை போடப் போன மனைவி திரும்பி வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். புல்வெளி ஓரத்தில், கையில் வெறும் வாளியோடு, வலையைப் பிடித்தபடி நின்றாள்.

"இஞ்சை பாருங்கோ," என்றாள். "இது எங்கட எல்லே விளையாட்டல்லோ!"

யாழ்ப்பாணத்தில் அவள் பள்ளிக்கூட எல்லே அணியில் ஆடியவள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மட்டையால் பந்தை அடித்துவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடி வரவேண்டும். ஓடும்போது எதிரணிக்காரர் எறியும் பந்து உடம்பில் பட்டால் ஆட்டம் போச்சு. தன் முதுகில் பட்ட இடத்தைக்கூட எனக்குத் தொட்டுக் காட்டினாள். அவர்கள் ஆடிய எல்லேயில், அடிக்க வாகாகப் பந்தைப் போடுகிறவள் தன் அணிப் பிள்ளையே. இங்கே எதிரி எறிகிறான். அதை அவளால் ஏற்க முடியவில்லை.

"அடிக்க விடக்கூடாதெண்டே எறியிறான். பாருங்கோவன் களவை!"

சில ஞாயிறுகள் போக அந்தக் களவை அவள் ரசிக்கத் தொடங்கிவிட்டாள்.

அவள் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். அங்கே அவளுடைய குரலை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். வலையோரத்தில் நின்றால் வேறு ஆள். எங்கள் ஆள் பந்தை அடித்ததும் "ஓடு! ஓடு!" என்று கத்துவாள். நான் நாலு அடி தள்ளி, வேலி மறைவில் நிற்பேன். நாளடைவில் ஆட்டக்காரரும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டக்காரர் இருக்கும் வாங்குப் பலகையிலிருந்து பத்துப் பன்னிரண்டு ஜெர்மன் பொடியள் "ஓது! ஓது!" என்று கத்துவதைக் கேட்க ஒரு மாதிரியாக இருக்கும். பந்து எறிகிறவனுக்கு அவள் நெட்டையன் என்று பெயர் வைத்திருந்தாள். பயிற்சி கொடுப்பவர் தாடிக்காரர். நாங்கள் கொஞ்சம் பிந்தினால் தாடிக்காரர் வாசல் பக்கம் பார்ப்பார். இந்த நாட்டில் நாங்கள் வரவில்லையே என்று ஒருவர் வாசலைப் பார்த்தது அங்கே மட்டும்தான்.

போன வருடம் அணி நன்றாக ஆடவில்லை. இலையுதிர்காலத்தில் கடைசி இடத்துக்கு வந்துவிட்டது. இன்னொரு பட்டணத்து அணியோடு மூன்று ஆட்டங்கள். இரண்டில் வெல்கிறவர்கள் இந்தப் பிரிவில் இருப்பார்கள், மற்றவர்கள் கீழே. தாடிக்காரர் எங்களிடம் வந்து ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: கீழே போனால் நல்ல பொடியள் வேறு கழகங்களுக்குப் போய்விடுவார்கள், மிச்சப் பேரை வைத்து அணி கட்ட முடியாது, பக்கத்துப் பட்டணத்துக் கழகத்தோடு சேர்ந்து அங்கே போய் ஆட வேண்டியதுதான், இந்தப் புல்வெளியை நகரசபை கால்பந்துக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி அவர் சொன்னதை மறுபடி தமிழில் சொல்லச் சொன்னாள். தனக்கு டொச், அதாவது ஜெர்மன் மொழி, பிழையாக விளங்கியிருக்கும் என்று நம்பினாள் போல. சொன்னேன். படிக்கட்டில் பாதியில் நின்றாள்.

"அப்ப தேங்காய் உடைப்பம்," என்றாள் பிறகு.

"ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போயோ?"

"இல்லை, இஞ்சையே. தேர் வெளிக்கிடேக்கை தேரடியிலதானே உடைக்கிறது? ஆட்டம் நடக்கிற இடத்திலதான் உடைக்க வேணும்."

"சனத்துக்கு முன்னாலயோ? ஆர் உடைக்கிறது?"

"நீங்கள்தான். ஆம்பிளை உடைக்கிறதுதானே முறை."

முதல் ஆட்டம் எங்கள் புல்வெளியில். வாசலில் ஒரு கல்லுத் திட்டு இருக்கிறது. மனைவி அதில் தண்ணீர் தெளித்து, தேங்காயின் மேல் ஒரு துண்டுக் கற்பூரம் வைத்துக் கொளுத்தினாள். நடுவர் ஓடி வந்து இது என்ன என்று கேட்டார். தாடிக்காரர் தனக்கும் தெரியாது, ஆனால் எங்கள் ஆட்கள்தான் என்றார். வேலிக்கு வெளியே என்றால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று நடுவர் சொல்லிவிட்டார். இரண்டு அணியும் பார்த்துக்கொண்டிருக்க நான் உடைத்தேன். தேங்காய் நடுவால் பிளந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. கற்பூரம் எரிந்ததைவிட என் முகம்தான் கூடுதலாகச் சுட்டது. மனைவி அதைச் சொட்டுகளாக, சின்னச் சின்னத் துண்டுகளாக, வெட்டி எல்லோருக்கும் கொடுத்தாள். அன்று வென்றோம்.

இரண்டாவது ஆட்டம் அவர்களுடைய பட்டணத்தில். மனைவிக்கு வேலை, எங்களால் போக முடியவில்லை. மோசமாகத் தோற்றார்கள். அடுத்த நாளே தாடிக்காரரிடமிருந்து தொலைபேசியில் செய்தி வந்தது: மூன்றாவது ஆட்டத்துக்குத் தேங்காயை மறக்க வேண்டாம். கீழே சிரிக்கும் முகம் ஒன்றும் இல்லை. அவர் அதைப் பகிடியாக எழுதவில்லை.

மனைவி டோர்ட்மண்ட் தமிழ்க் கடைக்குப் போய், தேங்காய்களை ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்துக் குலுக்கி, கடைக்காரர் "அக்கா, கலியாணத்துக்கே?" என்று கேட்கும் வரை நின்று ஒன்றைத் தெரிவு செய்தாள். வென்றால் கொடுக்க ஒரு பெரிய சட்டி நிறைய மரக்கறி ரோல்ஸ் பொரித்தாள்.

அந்த ஞாயிறு வெயில் எறித்தது. முதல் ஆட்டத்தில் கைகட்டிக்கொண்டு நின்ற பொடியள் இம்முறை தொப்பியைக் கழற்றிவிட்டுக் கல்லைச் சுற்றி நின்றார்கள். நெட்டையன் கண்ணை மூடியிருந்தான். நான் உடைத்தேன்.

மணம் முதலில் வந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் குழைந்துபோய் இருந்தது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளிறிப்போனதை நான் கண்டேன். ஆனால் கை மட்டும் வேகமாக வேலை செய்தது. இரண்டு பாதியையும் குப்புறக் கவிழ்த்துத் துவாயால் மூடினாள்.

"மூடுங்கோ, மூடுங்கோ. அவைக்குக் காட்டாதேங்கோ."

"நல்லதுதானே?" என்று தாடிக்காரர் கேட்டார்.

"நல்லது, நல்லது," என்றாள் மனைவி டொச்சில். என்னிடம் தமிழில், "சொட்டுக் கேக்கப்போறாங்கள். வீட்டை ஓடுங்கோ. பிரிட்ஜில நேற்றையான் பாதி கிடக்கு, சம்பலுக்கு வைச்சனான்," என்றாள்.

ஓடினேன். தோட்டங்களுக்கு நடுவால், அழுகிய தேங்காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. சமையலறையில் நின்று அவசரமாகச் சொட்டு வெட்டும்போது தொலைபேசி அடித்தது. பீலெஃபெல்டிலிருந்து என் அக்கா. அவர் ஞாயிறு தவறாமல் அழைப்பார்.

"தம்பி, ஏன் மூச்சு வாங்குது?"

"தேங்காய் அழுகிப்போச்சக்கா."

"எங்க உடைச்சது? கோயிலிலயோ?"

"இல்லை. விளையாட்டு மைதானத்தில."

"ஆரின்ர விளையாட்டு?"

"ஜெர்மன்காரற்ர."

"உங்கள் இரண்டு பேருக்கும் விசரே?" என்றார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "அவள் பாத்திட்டாளோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப கண்ணூறு கழிஞ்சுது, அதுதான் அழுகினது, நல்லதுக்குத்தான் எண்டு சொல்லு. வேற ஒண்டும் சொல்லாத."

சொட்டுகளோடு மைதானத்துக்குத் திரும்பி ஓடிப்போய் மனைவியிடம் அதையே சொன்னேன். மனைவி கேட்டுக்கொண்டு தலையாட்டினாள். நான் நம்பாமல் சொல்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். சொட்டுகளை எல்லோருக்கும் கொடுத்தாள். நெட்டையன் வாயில் போட்டு மென்றுவிட்டு, போன தடவையைவிட இது குளிராக இருக்கிறதே என்றான். வெயிலுக்கு நல்லது என்று நான் சொன்னேன். அவனோடு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. நெட்டையன் அவர்களை அடிக்கவிடவில்லை. பாதி ஆட்டம் வரை நாங்கள் முன்னால் நின்றோம். மனைவியின் குரல் திரும்பி வந்தது. "ஓடு!" என்று அவள் கத்த, வாங்கில் இருந்தவர்களும் கத்தினார்கள். பிறகு நெட்டையனின் கை களைத்துவிட்டது. எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு எறிக்குப் பிறகும் தோளைத் தடவினான். மாற்றி எறிய எங்கள் அணியில் வேறு ஆள் இல்லை. எதிரணியில் இரண்டு பேர் அடித்து ஓடினார்கள், மூன்றாவது ஆள் அடித்த பந்து வலையைத் தாண்டித் தோட்டத்துக்குள் விழுந்தது. நாங்கள் ஒரு ஓட்டம் பின்னால்.

கடைசியாக அடிக்கும் முறை எங்களுடையது. இரண்டு பேர் ஆட்டமிழந்துவிட்டார்கள், மூன்றாவது ஆளும் போனால் ஆட்டம் முடிந்தது. ஒருவன் கடைசித் தளத்தில், தொடங்கிய இடத்துக்கு ஓடிவரத் தயாராக நிற்கிறான். அவன் வந்தால் சமன். மட்டையோடு நிற்பது எங்கள் அணியில் நன்றாக அடிக்கிறவன். எதிரி இரண்டு பந்து எறிந்தான், இரண்டையும் எங்கள் ஆள் விசிறித் தவறவிட்டான். மூன்றாவதும் தவறினால் அவன் கதை முடிந்தது. மனைவி வலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அடி ராசா," என்றாள். கத்தவில்லை.

பந்து வந்தது. நடு நேரே, அடிக்க வாகாக, அவளுடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளை போட்டதைப் போல வந்தது. அவன் அடிக்கவில்லை. களவுப் பந்து, கடைசியில் திரும்பும் என்று நினைத்தானோ என்னவோ, மட்டையைத் தோளில் வைத்தபடி பார்த்துக்கொண்டே நின்றான். நேரே வந்த பந்தை அடிக்காமல் விட்டாலும் தவறினது என்றுதான் கணக்கு. நடுவர் கையைக் காட்டினார். முடிந்தது.

எதிரணிக்காரர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். எங்கள் பொடியள் நின்ற நின்ற இடத்திலேயே புல்லில் குந்திவிட்டார்கள். அடிக்காமல் நின்றவன் மட்டும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. தாடிக்காரர் போய் அவன் கையிலிருந்து மட்டையை வாங்கினார். நெட்டையன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவனுடைய தாய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதார். யாரும் யாரையும் தேற்றவில்லை.

மனைவி அழவில்லை. ரோல்ஸ் சட்டியைத் திறந்து வாங்கில் வைத்தாள். எங்கள் பக்கத்தில் ஒருவரும் தொடவில்லை. வென்றவர்களில் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து எடுக்கலாமா என்று கேட்டான். "எடும், தம்பி," என்று தமிழிலேயே சொன்னாள். அவர்கள்தான் எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தார்கள். தாடிக்காரர் வந்து எங்கள் இரண்டு பேருக்கும் கை கொடுத்தார். அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வீட்டில் அவள் சப்பாத்தைக் கழற்றாமல் நடையில் கிடந்த கதிரையில் இருந்தாள். நான் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன்.

"தேங்காயாலயோ?" என்று கேட்டாள்.

"இல்லையப்பா. அவனுக்குக் கை களைச்சுப்போச்சு. நீரே பாத்தனீர்தானே."

"அடிச்சுப் பிடிபட்டிருந்தாலும் பறவாயில்லை," என்றாள். "சும்மா நிண்டிட்டானே. பார்த்துக்கொண்டு நிண்டிட்டானே."

 தேத்தண்ணி அவள் கையிலேயே ஆறியது.

"இனி ஞாயிற்றுக்கிழமையில என்ன செய்யிறது?"

"ஊன்ட்றொப்புக்குப் போவம்."

"ஒவ்வொரு ஞாயிறும் போய் அம்மாளிட்ட என்னத்தைக் கேக்கிறது?" என்றாள். அப்போதுதான் அழுதாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு சத்தமாக. மகளை ரயில் ஏற்றிவிட்டு வந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. நான் பக்கத்தில் இன்னொரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். அதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

அடுத்த நாள் திங்கட்கிழமை. அவள் காலை வேலைக்குப் போனாள். எனக்குப் பின்னேர வேலை. மழை தூறியது. மத்தியானம் தாடிக்காரரும் இன்னும் இரண்டு பேரும் வந்து, மைதானத்து வலையை இறக்கிச் சுருட்டி, ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.